ஆறு நம்பரும் ஒரு சாவியும்

போன வருஷம் ஜூலை மாசம், ஒரு வியாழக்கிழமை காலையில, எவனோ ஒருத்தன் என் பேரைச் சொல்லி ஊரெல்லாம் கை நீட்டினான். அந்த நேரத்துல நான் கோவில்பதாகையில என் வீட்டுல உக்காந்து முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியாது.

நான் ஜெபமணி. வயசு அறுபத்தெட்டு. நம்ம சபையில பொம்பளைங்க பக்கம் மூணாவது வரிசையில, ஃபேனுக்கு நேர் கீழ உக்காருற கண்ணாடிக்காரம்மா நான்தான். இதுவரைக்கும் நான் சாட்சி சொல்ல எழுந்ததே இல்ல. அடுத்தவங்க சொல்லும்போதுகூட, "இது நடந்ததா, இல்ல கொஞ்சம் சேர்த்துச் சொல்றாங்களா"ன்னு மனசுக்குள்ள உரசிப் பார்க்குற ஆளு. கர்த்தர் என்னை மன்னிக்கணும். பாஸ்டரம்மா எழுதிக் குடுங்கன்னு மூணு தடவை கேட்டாங்க, அதனால எழுதுறேன். எதையும் சேர்க்கல.

என் சந்தேக புத்தி இன்னிக்கு நேத்து வந்ததில்ல. ஆவடியில ராணுவத்துக்கு உடுப்பு தைக்கிற ஃபேக்டரியில முப்பத்தொரு வருஷம் செக்கர் வேலை பார்த்தேன். தைச்சு முடிச்ச சட்டை என் மேஜைக்கு வரும். தையல் விட்டிருக்கா, நூல் தொங்குதா, பொத்தான் ஆடுதான்னு பார்த்து, தப்பு இருந்தா சாக்பீஸால வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவேன். தப்பு கண்டுபிடிக்கத்தான் சம்பளம். ரிட்டையர் ஆனப்புறம் சாக்பீஸை அங்கேயே வச்சிட்டு வந்துட்டேன், புத்தியை மட்டும் வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டேன். காய்கறி வண்டிக்காரர் என்னைப் பார்த்தாலே தராசை என் பக்கம் திருப்பி வைப்பார். கேஸ் சிலிண்டர் கொண்டு வர்றவர் நான் கேக்குறதுக்கு முன்னாடியே சீலைக் காட்டுவார்.

அந்த ஃபேக்டரியில என் எதிர் மிஷின்ல தைச்சவ கனகம். நெமிலிச்சேரிக்காரி. நம்ம சபை இல்ல, அம்மன் கோயிலுக்குப் போறவ. அவ தைச்சதுல நான் வட்டம் போட்டது விரல் விட்டு எண்ணிடலாம். என் வீட்டுக்காரர் இறந்தப்போ ஒரு வாரம் என் வீட்டுலயே தங்கி எனக்குக் கஞ்சி வச்சுக் குடுத்தவ. என் வீட்டு இன்னொரு சாவி அவகிட்டதான் இருந்துச்சு.

மூணு வருஷத்துக்கு முன்னாடி மகள் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போனேன். திரும்பி வந்து பார்த்தா பீரோவுல என் கல்லுத்தோடு இல்ல. நான் கனகத்தைத் திருடின்னு சொல்லல. "நான் இல்லாதப்ப வீட்டுக்கு யாராச்சும் வந்தாங்களா கனகம்?"னு மட்டும்தான் கேட்டேன். ஆனா கேட்ட விதம் இருக்கே, அது போதும். அவ என் முகத்தைப் பார்த்தா. சாவியை ஃபிரிட்ஜ் மேல வச்சா. போயிட்டா.

ரெண்டு மாசம் கழிச்சு அந்தத் தோடு உளுந்து டப்பாவுக்குள்ள கிடைச்சுது. திருடனுக்குப் பயந்து நானே ஒளிச்சு வச்சது. அன்னிக்கே நெமிலிச்சேரிக்கு ஓடிப் போய் அவ கையைப் பிடிச்சிருக்கணும். போகல. "அவளே வந்து பேசட்டும்"னு ஒரு வீம்பு. வெக்கமும்தான். ஞாயித்துக்கிழமை தவறாம ஆராதனைக்கு வந்தேன், திருவிருந்து எடுத்தேன், இதை மட்டும் யார்கிட்டயும் சொல்லல.

இப்ப அந்த வியாழக்கிழமைக்கு வர்றேன்.

நம்ம சபை வழக்கம் உங்களுக்குத் தெரியும். மாசத்து முதல் ஞாயிறு வாக்குத்தத்தப் பெட்டியில இருந்து ஆளுக்கு ஒரு பைபிள் வசன அட்டை எடுப்போம். வர முடியாதவங்க வாட்ஸ்அப் குரூப்புல ஒரு நம்பர் சொல்லுவாங்க, பாஸ்டரம்மா அந்த நம்பர் அட்டையை எடுத்து வசனத்தை அனுப்புவாங்க. அந்த மாசம் முழங்கால் வலியால நான் போகல. நம்பரும் சொல்லல. என் வாக்குத்தத்தம் பெட்டியிலயே கிடக்குதேன்னு மனசுல ஒரு குறை இருந்துச்சு.

வியாழன் காலையில பாஸ்டரம்மா நம்பர்ல இருந்து மெசேஜ். "இந்த மாத வாக்குத்தத்தம் உங்கள் பெயருக்கு எடுத்து வைத்துள்ளோம். உங்கள் போனுக்கு ஆறு இலக்க எண் வரும். அதை அனுப்பவும்." சொன்ன மாதிரியே நம்பர் வந்துச்சு. கூடவே இங்கிலீஷ்ல என்னமோ இருந்துச்சு, கண்ணாடி கையில இல்ல. அனுப்பிட்டேன்.

ஓடிபி யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். பேங்க்ல இருந்து பேசுறேன்னு சொன்ன எத்தனை பேரை நான் திட்டி வச்சிருக்கேன். ஆனா அதெல்லாம் பேங்க் நம்பர். இது வசனத்து நம்பராச்சே. ஊர்ல இருக்குற எல்லாரையும் சந்தேகப்பட்ட நான், சந்தேகப்பட வேண்டிய ஒரே இடத்துல கண்ணை மூடிட்டேன்.

அஞ்சு நிமிஷத்துல வாட்ஸ்அப் போயிடுச்சு. திறந்தா முதல்ல இருந்து நம்பர் கேக்குது. எனக்கு உடனே யார் மேல சந்தேகம் வந்துச்சு தெரியுமா? என் மருமகள் அனிதா மேல. மகனும் அவளும் ஒரு வருஷமா என்னோடதான் இருக்காங்க. முந்தின நாள் சாயங்காலம் அவதான் என் போன்ல எழுத்தைப் பெருசாக்கிக் குடுத்தா.

"நேத்து என் போனை நோண்டினது நீதானே? என் மெசேஜெல்லாம் படிக்கணுமா உனக்கு?"னு கேட்டேன்.

"நான் எழுத்து மட்டும்தான் மாத்தினேன் அத்தை"ன்னு சொன்னா. அவ கண்ணு கலங்கிடுச்சு. நான் விடல. போனை இடுப்புல சொருகிக்கிட்டேன்.

பத்து மணிக்கு மேல போன் அடிக்க ஆரம்பிச்சுது. நம்ம டீக்கன் ஐயாதான் முதல்ல. "சகோதரி, ஆஸ்பத்திரியில இருக்கீங்களா? அவசரமா பணம் வேணும்னு கேட்டிருக்கீங்க. எனக்கு ஏதோ சரியாப் படல, அதான் கூப்பிட்டேன்." அப்புறம் பக்கத்துத் தெரு எஸ்தர். அப்புறம் என் சொந்தத் தங்கச்சி, "நீயாவது பணம் கேக்குறதாவது"ன்னு சிரிச்சா. பாஸ்டரம்மாவுக்குப் போன் பண்ணினா அவங்க அழுதுக்கிட்டு இருக்காங்க. அவங்க வாட்ஸ்அப்பையும் எவனோ முந்தின நாளே இதே மாதிரி பிடிச்சிட்டானாம். குரூப்புல நாம நம்பர் சொல்லி வசனம் கேக்குறதை அவன் உக்காந்து படிச்சிருக்கான். நம்ம ஜெபத்துக்குள்ளயே வந்து உக்காந்திருக்கான்.

பன்னெண்டு பேர் கூப்பிட்டாங்க. பன்னெண்டு பேரும் சந்தேகப்பட்டுப் பணம் அனுப்பல. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்னு ஒரு மூச்சு விட்டேன். அப்பத்தான் அந்தப் போன் வந்துச்சு.

"ஜெபா, வந்துச்சா?"

ரெண்டு வருஷத்துக்கு மேல கேக்காத குரல். கனகம்.

"என்ன வந்துச்சா?"

"துட்டுதான். கண்ணு ஆபரேசனுக்கு வச்சிருந்தது, மொத்தமா போட்டுட்டேன். இருபத்தெட்டாயிரம். நீ சொன்ன நம்பருக்குத்தான் போட்டேன். இன்னா ஆச்சு உனக்கு? எந்த ஆஸ்பத்திரில கீற? நான் வர்றேன்."

எல்லாரும் சந்தேகப்பட்டாங்க. நான் யாரைச் சந்தேகப்பட்டேனோ அவ மட்டும்தான் என்னைச் சந்தேகப்படல.

இப்ப ஒரு உண்மையைச் சொல்லணும். அந்த நிமிஷம் "வந்துச்சு கனகம்"னு சொல்லிடலாம்னு நெனச்சேன். அவ குரல்ல அவ்வளவு பாசம் இருந்துச்சு. வந்துச்சுன்னு சொல்லிட்டு, என் பென்ஷன்ல இருந்து அடுத்த வாரம் திருப்பிக் குடுத்துட்டா அவளுக்குத் தெரியவே போறதில்ல. நான் ஏமாந்ததும் தெரியாது. ரெண்டு பேரும் பழையபடி சேர்ந்துக்கலாம். பொய்தான், ஆனா எவ்வளவு சுலபமான பொய்.

அனிதா பக்கத்துலயே நின்னா. காலையில நான் திட்டினதை மனசுல வச்சுக்கல. "அத்தை, ஆன்ட்டிகிட்ட உடனே சொல்லுங்க. இப்பவே புகார் குடுத்தாத்தான் பணத்தை நிறுத்த முடியும். லேட்டானா அவன் எடுத்துடுவான்"னு மெதுவாச் சொன்னா.

கேஸ் அடுப்பு மேடையைப் பிடிச்சுக்கிட்டு ஜெபம் பண்ணினேன். பெருசா ஒண்ணும் இல்ல. "ஆண்டவரே, இவ கண்ணுக்கு வச்ச பணம். இது போகக் கூடாது. என் மானம் போனாப் போகட்டும்." அவ்வளவுதான். என் ஆயுசுல நான் பண்ணினதுலயே சின்ன ஜெபம் அதுதான். நெசமான ஜெபமும் அதுதான்னு இப்ப தோணுது.

"கனகம், அது நான் இல்ல. என் போனை எவனோ பிடிச்சிட்டான். நான் கேக்கல"ன்னு சொல்லிட்டேன்.

பணம் போச்சேன்னு கத்துவான்னு நெனச்சேன். அவ கத்தல.

"அப்ப நீ கேக்கல"ன்னா. "நீ என்கிட்ட கேக்கவே இல்ல."

அது போதும் எனக்கு. அடிச்சிருந்தாக்கூட அப்படி வலிச்சிருக்காது.

அதுக்குள்ள அனிதா என் கையில இருந்து போனை வாங்கிட்டா. "ஆன்ட்டி, நான் ஜெபா அத்தை மருமகள். போனை வைக்காதீங்க. உங்க பேங்க் மெசேஜ்ல இருக்குற நம்பரைப் படிங்க"ன்னு கேட்டு எழுதி, அவ போன்ல இருந்து சைபர் மோசடிக்குன்னு இருக்குற உதவி எண்ணுக்குக் கூப்பிட்டா. ஒரு காதுல ஒரு போன், இன்னொரு காதுல இன்னொரு போன். இருபது நிமிஷத்துல புகார் பதிவாயிடுச்சு. அப்புறம் என்னை ஸ்கூட்டர் பின்னாடி உக்கார வச்சு நெமிலிச்சேரிக்குக் கூட்டிட்டுப் போனா. வழி பூரா அவ தோளைப் பிடிச்சுக்கிட்டே போனேன். சிக்னல்ல நின்னப்ப, "காலையில நான் பேசினது தப்பும்மா"ன்னேன். "ஹெல்மெட் பட்டையைப் போடுங்க அத்தை"ன்னு மட்டும் சொன்னா.

கனகம் வாசல்ல நின்னா. இளைச்சிருந்தா. ஒரு கண்ணுல பால் மாதிரி திரை. அந்த மெசேஜை எனக்குக் காட்டினா. "எனக்கு அவசரமாக உதவி தேவை. இந்த எண்ணுக்கு அனுப்பவும். மாலை திருப்பித் தருகிறேன்."

"இதைப் பார்த்து நான்னு எப்படிடி நம்பின? உன் பேருகூட போடலயே"ன்னு கேட்டேன்.

"அதான் நம்பினேன். பேரு போடாம வெறப்பா எயிதியிருந்துச்சா, சரி, இன்னும் கோவம் போவல, ஆனாலும் கஷ்டம்னதும் என்னாண்ட வந்துட்டாளேன்னு நெனச்சேன்."

அந்தத் திருடனோட மொட்டைக் கடுதாசிய இவ என் கோவம்னு படிச்சிருக்கா. நான் அங்கேயே உக்காந்துட்டேன்.

மறுநாள் எழுத்துல புகார் குடுக்க ரெண்டு பேரும் போனோம். அங்க இருந்த அதிகாரி வயசுல சின்னவர்தான், ஆனா பார்வை என் பார்வை. மெசேஜ் என் நம்பர்ல இருந்து போயிருக்கு, பணம் கேட்டது என் பேர்ல. என்னை மேலயும் கீழயும் பார்த்தார். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஏதாவது பகை உண்டா?"ன்னு கேட்டார். "ரெண்டு வருஷமா பேசலன்னு சொல்றீங்க. திடீர்னு எப்படி?" திருப்பித் திருப்பிக் கேட்டார். தப்பு இருக்கான்னு தேடுற கண்ணு எப்படி இருக்கும்னு முதல் தடவையா எதிர்ப்பக்கத்துல உக்காந்து பார்த்தேன். கழுத்தெல்லாம் வேர்த்துடுச்சு. நான் ஒண்ணுமே பண்ணல, ஆனா பண்ணின மாதிரியே திக்கினேன். கனகத்துக்கு அன்னிக்கு இப்படித்தானே இருந்திருக்கும்.

கனகம் முந்தானையை இழுத்து விட்டுக்கிட்டு, "சார், இவ சந்தேகப் பிராணி சார். திருடி இல்ல"ன்னா.

அவர் சிரிச்சுட்டார். நான் அழுதுட்டேன்.

வெளிய டீக்கடையில நின்னு, "தோடு கிடைச்சிடுச்சு கனகம். உளுந்து டப்பாவுல"ன்னு சொன்னேன்.

"எப்ப?"

"நீ சாவியை வச்சிட்டுப் போய் ரெண்டு மாசத்துல."

அவ டீ கிளாஸைப் பார்த்துக்கிட்டே நின்னா. "ரெண்டு மாசத்துல கெடச்சிச்சு. அதுக்கப்புறம் இத்தினி நாளு சொம்மா இருந்துகினே"ன்னா. நான் மன்னிச்சிடுன்னு சொன்னேன். ரோட்டுல போறவங்கல்லாம் பார்க்க அவ காலைத் தொடக் குனிஞ்சேன், முழங்கால் மடங்கல. அவளே பிடிச்சுத் தூக்கினா. "என்னாண்ட சாவி இருந்ததுக்கு உனக்குச் சந்தேகம். எவனோ ஒருத்தனுக்கு ஆறு நம்பரைத் தூக்கிக் குடுத்துட்ட. டீ ஆறுது, குடி"ன்னா.

மன்னிச்சேன்னு அவ சொல்லல. நானும் கேக்கல.

அப்புறம் காத்திருந்தோம். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர். என் பணத்தைக் குடுக்கிறேன், ஆபரேஷன் பண்ணிக்கோன்னு கெஞ்சினேன். "நீ வாங்கினியா? இல்லல்ல? அப்ப நீ ஏன் குடுக்கணும்?"னு வாங்கவே மாட்டேன்னுட்டா. அவ பார்வை மங்கிக்கிட்டே போச்சு. ஊசியில நூல் கோர்க்க முடியல, முப்பது வருஷம் மிஷின்ல உக்காந்தவளுக்கு. தினம் காலையில அதைச் சொல்லித்தான் ஜெபம் பண்ணினேன். சில நாள் கோவத்துலயும் பண்ணினேன். "ஆண்டவரே, கேக்குதா இல்லயா?"ன்னு. அவரையும் நான் சந்தேகப்பட்டேன், மறைக்கல.

நவம்பர்ல ஒரு போன். "போலீஸ்ல இருந்து பேசுறேன், உங்க பணம் ரெடி, உங்க போனுக்கு வர்ற நம்பரைச் சொல்லுங்க." அடப்பாவி, ஒரே ஆளை ரெண்டு தடவை ஏமாத்தப் பார்க்குறானேன்னு, எனக்குத் தெரிஞ்ச அத்தனை வார்த்தையும் சொல்லித் திட்டினேன். சபைச் சாட்சியில எழுத முடியாத வார்த்தையும் உண்டு.

டிசம்பர்ல இன்னொரு போன். "அம்மா, உங்க புகார் விஷயமா பேசுறேன்." அவ்வளவுதான் சொன்னார், நான் ஆரம்பிச்சுட்டேன். வெக்கமா இல்லயா, வேற பொழப்பு இல்லயான்னு கேட்டுக் கட் பண்ணிட்டேன். அடுத்தது கனகத்துக்குக் கூப்பிட்டிருக்கார். அவ என்னைவிட ஒரு படி மேல. மூணாவது தடவை அனிதா நம்பருக்குப் பண்ணி, "தாயே, நம்பரும் வேணாம், ஒண்ணும் வேணாம், அந்த ரெண்டு அம்மாவையும் நேர்ல கூட்டிட்டு வாங்க"ன்னு கும்பிடாத குறையாச் சொல்லியிருக்கார்.

போனோம். அதே அதிகாரி. புகார் குடுத்த அன்னிக்கே அந்தத் திருடன் கணக்கை முடக்கிட்டாங்களாம். அவன் கை வைக்கிறதுக்கு முன்னாடியே. கோர்ட் உத்தரவு வர்றதுக்குத்தான் இவ்வளவு நாள். கனகத்தோட பணம் முழுசும் அப்படியே இருந்துச்சு. அன்னிக்கு இன்னும் ஒரு இருபது நிமிஷம் தாமதிச்சிருந்தா இருந்திருக்காதுன்னு அவரே சொன்னார். நான் "வந்துச்சு"ன்னு பொய் சொல்லியிருந்தா கண்டிப்பா இருந்திருக்காது. அடுப்படியில நான் கேட்ட ஜெபத்துக்குக் கர்த்தர் அன்னிக்கே பதில் குடுத்துட்டார். அஞ்சு மாசம் கழிச்சு அந்தப் பதில் என்னைத் தேடி வந்தப்போ, நான் அதை ஃபிராடுன்னு திட்டிப் போனை வச்சேன்.

ஜனவரியில கனகத்துக்கு ஆபரேஷன் ஆச்சு. பத்து நாள் என் வீட்டுலதான் இருந்தா. வேளாவேளைக்கு நான் சொட்டு மருந்து விட்டேன், அனிதா அலாரம் வச்சா. கண்ணுல கட்டியிருந்த பச்சைத் துணியை எடுத்துட்டுக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு அவ முதல்ல சொன்னது, "ஜெபா, உன் ஊட்டு ஃபிரிட்ஜ் மேல எவ்ளோ தூசு"ன்னு.

கிளம்புற அன்னிக்குச் சாவியை எடுத்து அவ கையில வச்சேன். அவ வாங்கல. கையை இழுத்துக்கிட்டா.

"அன்னிக்கு நீ கேக்கலன்னு சொன்ன பாரு, துட்டு போனதுகூட பரவால்ல, அதான் எனக்கு இன்னும் உள்ள கீது. இப்ப நீயா கேளு. உன் வாயால."

அறுபத்தெட்டு வயசுல, மருமகள் பார்த்துக்கிட்டு நிக்க, நான் கேட்டேன். "கனகம், என் வீட்டுச் சாவியை நீ வச்சுக்கிறியா?"

"வச்சுக்கிறேன்"னு வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டா.

இதுதான் கர்த்தர் எனக்குச் செஞ்சது. இப்பவும் நான் தராசைப் பார்க்குறேன், சீலைப் பார்க்குறேன், அதை அவர் மாத்தல. எந்த நம்பரையும் யாருக்கும் சொல்லாதீங்க, வசனம் வேணும்னா நேர்ல வந்து பெட்டியில கையை விட்டு எடுங்க. ஆனா ஒரு காரியம் கேக்குறேன். உங்க போன்லயும் ரொம்ப நாளாக் கூப்பிடாத ஒரு பேரு இருக்கும். யாருன்னு உங்களுக்கே தெரியும். ஜெபம் பண்ணிட்டு இன்னிக்குக் கூப்பிடுங்க. மெசேஜ் வேணாம், மெசேஜை யார் வேணாலும் அனுப்பலாம். உங்க குரல்ல கூப்பிடுங்க. அவங்க எடுப்பாங்க. எடுக்கலன்னா, எனக்குப் பதில் குடுத்தவர் உங்களுக்கும் குடுப்பார், மறுபடியும் கூப்பிடுங்க.